சூசன் பதில் சொல்ல மாட்டாள்

பிப்ரவரி 3, திங்கள்

இன்று சூசனுக்கு முகம் கிடைத்தது.

படம் விற்கும் தளம் ஒன்றிலிருந்து நாற்பது வெள்ளைக்காரப் பெண்களைச் சுதன் திரையில் வரிசையாக நிறுத்தினான். பல் அதிகம் தெரிந்தவர்களை நான் கழித்தேன். கழுத்தில் முத்து மாலை போட்டவர்களை மிருணாளினி கழித்தார். கடைசியில் சாந்தமான டீச்சர் முகம் ஒன்று மிஞ்சியது. 'ஹலோ, என் பெயர் சூசன். உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று அவள் ஆங்கிலத்தில் கேட்பாள். மணி அடிக்கும். தேர்வுக்கு வந்தவர் மைக்கில் ஒரு நிமிடம் பேச வேண்டும்.

சூசன் என் யோசனை. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கு நாங்கள் தயாரிக்கும் இந்தத் தேர்வில் எதிரே மனிதர் கிடையாது, கம்ப்யூட்டர்தான். சுவரைப் பார்த்துப் பேசு என்றால் யாருக்குப் பேச்சு வரும்? ஒரு முகமாவது இருக்கட்டும் என்றேன். எங்கள் குழுவுக்குத் தலைவர் மிருணாளினி. என்னைவிட இருபத்து மூன்று வயது இளையவர். "நல்ல ஐடியா சார்" என்றார். திருநெல்வேலியில் முப்பத்தோரு வருடம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நடத்திய பூதலிங்கத்தை, சென்னைக்கு வந்த இந்த எட்டு மாதத்தில் ஒருவர் பாராட்டுவது இது இரண்டாவது முறை. முதல் முறை என் கையெழுத்துக்காக.

அறைக்கு வரும் வழியில் அரை லிட்டர் பால் வாங்கினேன். கால் லிட்டர் பாக்கெட் இந்தக் கடைக்கு வருவதில்லை. தினமும் பாதியைக் கொட்டுகிறேன்.

பிப்ரவரி 5, புதன்

சுதனோடு வாக்குவாதம். பேசுகிறவர் ஐந்து நொடி சும்மா இருந்தால் பதிவை மூடிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம் என்கிறான். நிரல் எழுதுகிற பையன்களுக்கு எல்லாவற்றிலும் அவசரம். எட்டு நொடி கொடு என்றேன். அடுத்தடுத்து இரண்டு கேள்விகளில் இப்படி மூடிக்கொண்டால் பேச்சுப் பகுதியே அதோடு முடியும், மதிப்பெண் பூஜ்யம்.

எட்டு என்பதை வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. நேற்று அறையில் உட்கார்ந்து பத்துக் கேள்விகளுக்கு நானே பதில் சொல்லிக் கைபேசியில் பதிந்து பார்த்தேன். எங்கேயும் மூன்று நொடிக்கு மேல் நான் நிறுத்தவில்லை. எட்டு என்பது தாராளம்.

"சார், கேள்வியையும் கேட்டு பதிலையும் நீங்களே சொல்ற ஆளு நீங்க. உங்களை வெச்சு அளக்கலாமா?" என்றான் சுதன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆவணத்தில் 'எட்டு நொடி, முடிவு: பூதலிங்கம்' என்று பதிவாயிற்று.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலையில் மனைவி கோமதிக்கு போன். மகள் அகிலாவின் பிரசவத்துக்கு என்று புனேவுக்குப் போனவள். பேத்தி ஆதிரைக்கு இப்போது நான்கு வயது. பள்ளிக்கூடம் போகிறாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் அல்லவா, அதனால் கோமதி அங்கேயே இருக்கிறாள்.

சூசனைப் பற்றி, சுதனைப் பற்றி, பால் பாக்கெட் பற்றி, மோட்டார் போடாத வீட்டுக்காரர் பற்றி எல்லாம் சொன்னேன். இருபத்திரண்டு நிமிடம் பேசியதாகக் கைபேசி காட்டுகிறது. கோமதி 'ம்' கொட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "ஆதிரை உங்ககிட்ட பேசணும்ங்கா" என்று போனைக் கொடுத்தாள். ஆதிரை மராத்தியில் ஏதோ கத்திவிட்டு ஓடிவிட்டது. பேச வேண்டும் என்று கேட்ட பிள்ளை ஏன் ஓடுகிறது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

துணி துவைத்தேன். வேறு ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 20, வியாழன்

எங்கள் தேர்வின் முதல் வெள்ளோட்டம் இன்று. திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. நாற்பத்திரண்டு நர்சுகள். வெள்ளோட்டம் என்று பெயர்தானே தவிர, அவர்களுக்கு இது நிஜம். அயர்லாந்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் பன்னிரண்டு பேரை அனுப்பப் போகிறார்கள். யார் அந்தப் பன்னிரண்டு பேர் என்பதை எங்கள் மதிப்பெண்ணைக் கொண்டுதான் முடிவு செய்வதாக நிர்வாகம் எழுதிக் கொடுத்திருக்கிறது.

"உங்க ஊர்தானே சார், நீங்க போறீங்களா?" என்று மிருணாளினி கேட்டார். சுதனையே அனுப்பச் சொன்னேன். அங்கே வீடு பூட்டிக் கிடக்கிறது. திறந்தால் கூட்ட வேண்டும், துடைக்க வேண்டும், அண்டை அயலார் வந்து கோமதி எங்கே என்பார்கள். ஒரு நாளுக்காக அந்தப் பாடு எதற்கு?

பிப்ரவரி 24, திங்கள்

வாசிப்பில் நல்ல மதிப்பெண். எழுத்து பரவாயில்லை. பேச்சில் நாற்பத்திரண்டு பேரில் இருபத்தொன்பது பேருக்குப் பூஜ்யம்.

'பதில் இல்லை' என்று கம்ப்யூட்டர் முத்திரை குத்திய பதிவுகளை மனிதர் யாரும் கேட்பதில்லை. கேட்க என்ன இருக்கிறது என்று நாங்களே வைத்த முறை. "வாயே திறக்கலையா சார்?" என்று மிருணாளினி கேட்டார். "கிராமத்துப் பிள்ளைகள், கூச்சம்" என்றேன். இதை நான் சொல்லும்போது யாரும் மறுப்பதில்லை, அந்தப் பக்கத்து ஆள் என்பதால்.

மூன்று பேர் அழுதுகொண்டே வெளியே வந்ததாகச் சுதன் சொன்னான்.

மார்ச் 2, ஞாயிறு

கோமதி போனை எடுக்கவில்லை. கோயிலுக்குப் போயிருப்பாள். இரண்டாம் முறையும் எடுக்கவில்லை. இட்லிக்கடையில் போய் உட்கார்ந்தேன், செய்தித்தாளைக் கடைசி வரி வரை படித்தேன், மணி பத்துதான் ஆகியிருந்தது. ஆபீசுக்குப் போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமை காவலாளிக்கு என்னைப் பழகிவிட்டது.

செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் அந்த இருபத்தொன்பது பதிவுகளைத் திறந்தேன். காலியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

காலி இல்லை. முதல் பதிவில் ஒரு பெண் தெளிவாக, "குட் மார்னிங், மேடம்" என்கிறாள். பிறகு மின்விசிறிச் சத்தம். மூச்சுச் சத்தம். எட்டாவது நொடியில் பதிவு மூடிக்கொள்கிறது. இரண்டாவதிலும் அதேதான். மூன்றாவதில், "குட் மார்னிங், சூசன் மேடம்." பதினேழாம் எண், வணக்கம் சொல்லிக் காத்திருந்துவிட்டு, "ஷேல் ஐ ஸ்டார்ட், மேடம்?" என்று கேட்கிறாள். மறுபடியும் காத்திருக்கிறாள். அதுவும் மூடிக்கொள்கிறது. அடுத்த கேள்வியில் அவள் குரல் பாதியாக இறங்கியிருக்கிறது. "ஸாரி, மேடம்" என்கிறாள். எதற்கு மன்னிப்பு? காத்திருக்கிறாள். அதோடு அவள் தேர்வு முடிந்துவிட்டது.

இருபத்தொன்பதையும் கேட்டேன். ஒருத்திகூட வாய் திறக்காமல் இல்லை. எல்லோரும் வணக்கம் சொல்லிவிட்டுச் சூசன் பதில் சொல்வதற்காக நின்றிருக்கிறார்கள்.

என்னை வைத்து அளந்தது தப்பு. நான் யாருடைய பதிலுக்கும் காத்திராமல் பேசிப் பழகியவன். தனியாக இருந்து இருந்து வந்த பழக்கம்.

மார்ச் 4, செவ்வாய்

யாரிடமும் சொல்லவில்லை. பேசியிருந்தாலும் தேறியிருப்பார்களா என்பது யாருக்குத் தெரியும்? மற்ற பதின்மூன்று பேர் புரிந்துகொண்டு பேசினார்களே. இப்படி நேற்றிலிருந்து எனக்கு நானே வக்கீலாக இருக்கிறேன்.

உள்ளதை எழுதிவிடுகிறேன். என் ஒப்பந்தம் இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி முடிகிறது. நீட்டிப்பார்கள் என்று இருந்தேன். சூசனும் என் வேலை, எட்டு நொடியும் என் வேலை என்று இப்போது போய்ச் சொன்னால் நீட்டிப்பார்களா? நீட்டாவிட்டால் நான் அந்தப் பூட்டிய வீட்டுக்குத் திரும்ப வேண்டும். இரண்டு படுக்கையறை, பின்னால் ஒரு முருங்கை மரம், பேச ஆள் கிடையாது. இங்கேயாவது பகலில் நான்கு பேர் 'சார்' என்று கூப்பிடுகிறார்கள். பயமாக இருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

சொல்லிவிட்டேன். பதினேழாம் எண்ணின் 'ஸாரி, மேடம்' சாப்பிட உட்கார்ந்தாலும் காதில் கேட்கிறது. மனிதன் எத்தனை நாள்தான் தாங்குவது?

மிருணாளினியிடம் ஹெட்போனைக் கொடுத்து ஐந்து பதிவுகளைக் கேட்க வைத்தேன். கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றிக் கீபோர்டின் மேல் வைத்தார்.

"இதை க்ளையண்ட் கிட்ட எப்படி சார் சொல்றது? பேச்சு டேட்டா மொத்தமும் வீண். திரும்ப நடத்தணும். சூசன் யார் ஐடியான்னு மேலிடத்துல முதல்ல கேப்பாங்க."

"என்னுதுன்னு சொல்லுங்க."

"எட்டு செகண்ட்?"

"அதுவும்தான்."

"உங்க ரினியூவல் ஃபைல் இப்ப அவங்க டேபிள்லதான் இருக்கு சார். தெரியுமில்ல?"

தெரியும் என்றேன். இருபத்தொன்பது பேருக்கு மட்டும் மறுபடி நடத்த இன்று மாலையே அனுமதி வாங்கிவிட்டார். கெட்டிக்காரர். சூசனை எடுத்துவிடவும், மௌனத்துக்கு இருபது நொடி விடவும் சுதன் ஒப்புக்கொண்டான். ஒன்று மட்டும் மிருணாளினி கண்டிப்பாகச் சொன்னார். இந்த முறை நானே போய் நடத்தி வைக்க வேண்டும்.

மார்ச் 13, வியாழன், திருநெல்வேலி

லாட்ஜில் அறை எடுத்தேன். பேருந்து என் தெருமுனை வழியாகத்தான் போனது. எதிர்ப்பக்கம் புதிதாக ஒரு பேக்கரி வந்திருக்கிறது. பெரிய பேக்கரி.

மார்ச் 14, வெள்ளி

ஆஸ்பத்திரியின் நர்சிங் பள்ளியில் கம்ப்யூட்டர் அறை. நான் உள்ளே போனதும் இருபத்தொன்பது பேரும் எழுந்து, "குட் மார்னிங், சார்" என்றார்கள். நான் பையை வைத்து, கண்ணாடியைத் துடைத்து, தண்ணீர் குடித்தேன். நிமிர்ந்தால் அத்தனை பேரும் நின்றுகொண்டிருக்கிறார்கள். நான் பதில் வணக்கம் சொல்லி உட்காரச் சொன்ன பிறகுதான் நாற்காலிகள் நகர்ந்தன. முப்பத்தோரு வருடம் தினமும் பார்த்த காட்சி இது. பார்த்தேனே தவிர, கண்டுகொண்டதில்லை.

என்ன நடந்தது என்று விளக்கினேன். தப்பு உங்களுடையது அல்ல, என்னுடையது என்றேன். கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள். வேறு ஊராக இருந்தால் நாற்காலி பறந்திருக்கும். பிறகு கேட்க ஏதாவது இருக்கிறதா என்றேன். ஒல்லியான ஒரு பெண் எழுந்தாள். பெயர் இசக்கியம்மாள், ஆபரேஷன் வார்டு. பேசத் தொடங்கியதுமே குரல் தெரிந்துவிட்டது. பதினேழாம் எண்.

"சார், அந்த மேடம் எங்க இருந்து பேசுனாங்க?"

"அது வெறும் படம்மா. குரல் முன்னாலேயே பதிஞ்சு வச்சது."

"படமா? எங்க மேல ஏதோ கோவம்னுல்லா நெனச்சோம். குட் மார்னிங் சொன்னேன், ஒண்ணுஞ் சொல்லல. ஆரம்பிக்கட்டுமான்னு கேட்டேன், அதுக்கும் ஒண்ணுஞ் சொல்லல. ரவுண்ட்ஸ்ல டாக்டர் தலைய ஆட்டுன பெறகுதான சார் நாங்க கேஸ் சொல்லுவோம். அவங்க சரின்னு சொல்லாம நாம பாட்டுக்குப் பேசுனா மரியாதையாவா இருக்கும்?"

"இன்னைக்கு அந்த மேடம் கிடையாது. கேள்வி மட்டும் வரும். மணி அடிச்ச உடனே பேசிரணும். யாரும் பதில் சொல்ல மாட்டாங்க."

"அப்ப நாங்க பேசுதத யாரு சார் கேப்பா?"

இந்தக் கேள்விக்கு ஆவணத்தில் பதில் இல்லை. ஒன்பது மாதமாக எங்களில் யாரும் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

"நான் கேப்பேன்" என்றேன். "இங்க பதில் சொல்ல முடியாது. ஆனா ஒவ்வொருத்தர் பேசுறதையும் முழுசாக் கேப்பேன்."

அவள் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் மறுபடி எழுந்தாள். "சார், அடுத்த மாசம் எனக்கு முப்பது முடியுது. அங்க முப்பதுக்குள்ளதான் எடுப்பாங்களாம். அதான் கேட்டேன். தப்பா நெனச்சுக்கிடாதீங்க."

தேர்வு நடந்த நாற்பது நிமிடமும் நான் அறையின் பின்பக்கம் நின்றேன். இருபத்தொன்பது முதுகுகள், எல்லாம் ஒரே நேரத்தில் பேசுகின்றன. ஒரு வார்த்தையும் பிரித்துக் கேட்க முடியவில்லை. ஆனால் எல்லாம் பேசின. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாசலில் நின்ற மேட்ரன் பார்த்துவிடக் கூடாதே என்று ஜன்னல் பக்கம் போனேன்.

மார்ச் 16, ஞாயிறு

கோமதிக்கு போன். இசக்கியம்மாளைப் பற்றிச் சொன்னேன். இந்த முறை முப்பத்தோரு நிமிடம். அவள் எதையோ சொல்ல வந்தாள். கதையை முடித்துவிட்டுக் கேட்கலாம் என்று இருந்தேன், அதற்குள் குக்கர் விசில் வந்துவிட்டது.

மார்ச் 24, திங்கள்

ஒப்பந்தம் நீட்டப்படவில்லை. மிருணாளினி தானே என் மேசைக்கு வந்து சொன்னார். "நான் ரெண்டு தடவை கேட்டுப் பாத்தேன் சார்" என்றார். நம்புகிறேன். வருத்தம் இருக்கிறது, கோபம் இல்லை. மதிப்பீட்டை முடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றேன். ஒரு பதிவை இருவர் தனித்தனியாகக் கேட்டு மதிப்பெண் போட வேண்டும். அந்த இருவரில் நான் ஒருவன்.

டிக்கெட் இன்னும் போடவில்லை. எந்த ஊருக்கு என்று தெரியவில்லை.

மார்ச் 27, வியாழன்

காலையிலிருந்து கேட்டேன். எல்லாவற்றையும் முழுதாக, சிலவற்றை இரண்டு முறை. வார்டில் எலி வந்த கதை. ஆக்சிஜன் சிலிண்டர் வராத கதை. இலக்கணம் ஆங்காங்கே இடறுகிறது. ஆனால் கேட்கிற டாக்டருக்கு எல்லாம் புரியும். நாங்கள் அளக்க வந்ததும் அதைத்தானே.

பதினேழாம் எண் மதியம் வந்தது. வேலையில் ஒரு நாள் ஏதோ தவறு நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது கேள்வி. ஒரே பெயருள்ள இரண்டு நோயாளிகளின் மருந்துச் சீட்டு மாறிப்போனதையும், அவள் கண்டுபிடித்ததையும், பெரிய நர்சிடம் சொல்லப் பயந்ததையும், பிறகு சொன்னதையும் ஒழுங்காகச் சொன்னாள். ஐம்பத்து மூன்றாவது நொடியில் முடித்தாள். "தட்ஸ் ஆல், சார்." கொஞ்சம் நிறுத்தி, "ஹேவ் யூ டேக்கன் யுவர் ஃபுட், சார்?" என்றாள்.

மீதி நொடிகளில் மின்விசிறிச் சத்தம் மட்டும். அவள் காத்திருக்கிறாள்.

மதிப்பெண் போடுபவரிடம் நேராகப் பேசினால், சலுகை தேடியதாகக் கருதி அந்தப் பதிவைத் தள்ளிவைக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. போன ஜூலையில், ஆபீசுக்குள் எடுத்த மாதிரிப் பதிவு ஒன்றில், ஒரு பையன் பரிதாபக் கதை சொல்லி மார்க் கேட்டான் என்று நானே எழுதிய விதி. அதன்படி இந்தப் பெண் அயர்லாந்து போக முடியாது. அடுத்த முறை என்று அவளுக்கு ஒன்றும் கிடையாது. நான் கேட்பேன் என்று அவளிடம் சொன்னவனும் நான்தான். சொல்லாமல் இருந்திருந்தால் அவள் இதைக் கேட்டிருக்கவே மாட்டாள்.

மறைக்கவில்லை. மறைத்தால் இன்னொருவர் கண்டுபிடித்துத் தள்ளிவிடுவார். குறிப்புப் பகுதியில் எழுதினேன்: 'கடைசி வாக்கியம் சலுகை கேட்டதல்ல, நலம் விசாரித்தது. இவ்வளவு ஆங்கிலம் தெரிந்தவர் வேண்டும் என்றுதான் தேர்வு வைத்தோம். மதிப்பெண் செல்லும். முடிவு: பூதலிங்கம்.' மதிப்பெண்ணில் அரைப் புள்ளிகூடக் கூட்டிப் போடவில்லை. இரண்டாவது மதிப்பீட்டாளரும் ஏறக்குறைய அதே எண்ணைத்தான் போட்டிருந்தார். மிருணாளினி கேட்டுவிட்டு, குறிப்பைப் படித்துவிட்டு, ஒப்புதல் கொடுத்தார். மூன்று மணிக்குப் பட்டியல் மூடியது. பன்னிரண்டு பேரில் பதினேழாம் எண் ஒன்பதாவது இடம்.

மற்றவர்கள் டீ குடிக்கப் போனார்கள். அந்தப் பதிவை இன்னொரு முறை ஓட்டினேன். அவள் கேட்டாள். "இன்னும் இல்லம்மா" என்று ஹெட்போனோடு வாய்விட்டுச் சொன்னேன். உண்மைதான், காலையிலிருந்து சாப்பிடவில்லை.

என்னை யாராவது இப்படிக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்துப் பார்த்தேன். கோமதி கேட்டிருப்பாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்டிருப்பாள். அப்போது நான் பேசிக்கொண்டிருந்திருப்பேன்.